சுளுக்கு ஆறியும் தீராத வலி

கேள்வி: 12 வயது மகளுக்குக் கணுக்கால் சுளுக்கி 3 மாதம் ஆகிறது. எக்ஸ்ரேயில் குறை எதுவும் இல்லை. ஆனாலும் காலுறை பட்டாலே துடிக்கிறாள். பாதம் சில்லிட்டு நீலம் பாரிக்கிறது. இதற்குச் சிகிச்சை உண்டா?

பதில்: உண்டு. இவை சி.ஆர்.பி.எஸ். என்ற நீடித்த வலி நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். தொற்று, எலும்பு முறிவு, ரத்த ஓட்டக் குறைபாடு போன்றவை இல்லை என்பதை மருத்துவர் நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். இந்நோயில் காயம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் அபாயச் செய்தியை நிறுத்துவதில்லை. வலி உண்மையானது, நடிப்பு அல்ல. சிறுவர்களில் இது பெரும்பாலும் காலைத்தான் தாக்குகிறது. பெண் குழந்தைகளிடம் அதிகம்.

சிகிச்சையின் அச்சாணி பிசியோதெரபி. முதலில் பஞ்சு, பிறகு மென்துணி, அடுத்து சொரசொரப்பான துண்டு என்று தினமும் பலமுறை பாதத்தில் தேய்த்துத் தோலைத் தொடுகைக்குப் பழக்க வேண்டும். கூடவே பாதத்தை ஊன்றி நிற்பது, நடப்பது, படியேறுவது எனப் படிப்படியாக முன்னேற வேண்டும். மாவுக்கட்டும் நீண்ட ஓய்வும் நிலைமையை மோசமாக்கும்.

வலி பற்றிய அச்சத்தைக் குறைக்க உளவியல் ஆலோசனை உதவும். சரியான தூக்கமும் பள்ளிக்குத் திரும்புவதும் சிகிச்சையின் பகுதிகளே. கேபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள், மருத்துவர் தேவையென்று கருதினால் மட்டும், துணைக்கு வரும். நரம்புத் தடுப்பு ஊசி வெகு சிலருக்கே தேவைப்படும்.

பெரும்பாலான சிறுவர்கள் நன்றாகக் குணமடைகிறார்கள். சிலருக்கு வலி மீண்டும் வரலாம். உடனே பயிற்சியைத் தொடங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.