கரும்பலகையும் செயற்கைக்கோளும்

இராமேசுவரத்தில் தொடக்கப்பள்ளி ஒன்றில் சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் ஆசிரியர் பணியாற்றினார். ஒருநாள் ஐந்தாம் வகுப்பில், பறவை பறக்கும் முறையைக் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினார். பாடம் முடிந்ததும், புரிந்ததா என வினவினார். புரியவில்லை என்று ஒரு மாணவர் கூறினார். பிறர் பலரும் அவ்வாறே கூறினர். ஆசிரியர் சினம் கொள்ளவில்லை. அன்று மாலையே அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறவைகள் சிறகடிப்பதையும் வாலைத் திருப்பித் திசை மாறுவதையும் நேரில் காட்டினார். புரியவில்லை என்று கூறிய அம்மாணவரே பின்னாளில் குடியரசுத் தலைவரான ஏ. பி. ஜெ. அப்துல் கலாம்.

பறத்தலின் மீது அன்று தோன்றிய ஆர்வம் அவரைத் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிற்கு அழைத்து வந்தது. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ஏவூர்தி விண்ணில் பாய்ந்தபோது, அப்பணியில் அவரும் பங்கேற்றார்.

கல்விக்கென்றே இந்தியா உருவாக்கிய செயற்கைக்கோள் எஜுசாட். அது 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதன் துணையுடன் கேரள அரசு தொடங்கிய விக்டர்ஸ் என்னும் கல்வித் திட்டத்தை, 2005 சூலை 28 அன்று கலாம் தொடங்கிவைத்தார்.

கொரோனாப் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது விக்டர்ஸ் தொலைக்காட்சி பெரிதும் பயன்பட்டது. 2020 சூன் 1 முதல், முதல் மணி எனப் பொருள்படும் 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற பெயரில் அதில் பாடங்கள் ஒளிபரப்பாயின. தொலைக்காட்சி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காக நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் ஏற்பாடுகள் செய்யப்பட்டன. தமிழ்வழியில் பயில்வோருக்கான பாடங்களும் உருவாக்கப்பட்டு இணையம் வழியே வழங்கப்பட்டன.

ஆயினும், திரையில் தோன்றும் ஆசிரியரின் குரல் மாணவருக்குக் கேட்கும். மாணவரின் குரல் அவருக்குக் கேட்காது. புரியவில்லை என்று ஒரு பிள்ளை கூறினாலும் பாடம் நில்லாது சென்றுகொண்டே இருக்கும். ஆதலால், ஒளிபரப்பிற்குப் பின் வகுப்பாசிரியர்கள் தொலைபேசி வழியே மாணவரின் ஐயங்களைக் கேட்டறிந்து விளக்க வேண்டியிருந்தது.

நாளை ஆசிரியராக விரும்புவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இதயம் குருதியைச் செலுத்தும் முறையையும் எரிமலை வெடிக்கும் காட்சியையும் வகுப்பறைக்குள் கொண்டுவரத் திரை உதவும். பள்ளி முற்றத்தில் நிற்கும் தென்னையைக் கற்பிக்கத் திரை தேவையில்லை. மாணவரை மரத்தடிக்கு அழைத்துச் செல்வதே போதும். எப்பாடத்திற்கு எக்கருவி பொருந்தும் எனத் தேர்வது ஆசிரியரின் கடமை. எக்கருவியைக் கையாண்டாலும், இறுதியில் புரிந்ததா எனக் கேட்டு, விடைக்காகக் காத்திருத்தல் வேண்டும். புரியாத மாணவர் அச்சமின்றி அதனைக் கூறும் வகுப்பறையிலேதான் கல்வி வளரும்.

சொற்பொருள்
ஏவூர்தி – ராக்கெட்
குருதி – இரத்தம்
ஐயம் – சந்தேகம்

வினாக்கள்
1. ஆசிரியர் மாணவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றது ஏன்?
2. தொலைக்காட்சிப் பாடத்தின் பயன் ஒன்றையும் குறை ஒன்றையும் எழுதுக.
3. நீவிர் ஆசிரியரானால் எப்பாடத்தைத் திரையிலும் எப்பாடத்தை நேரிலும் கற்பிப்பீர்? காரணம் கூறுக.