குருத்தணுவும் சிற்றுறுப்பும்: புற்றுநோய் ஆராய்ச்சியில் ஒரு பாடம்

தென்னந்தோப்பு உள்ள ஊரில் வாழ்வோருக்குக் குருத்தின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லையில் உள்ள வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை முதலிய ஊர்களின் விவசாயிகள், அடி மட்டை பழுத்து விழுந்தால் கவலைப்படுவதில்லை. குருத்து அழுகிற்று என்றாலோ மரமே போயிற்று என்று கொள்வர். புதிய ஓலையும் பாளையும் அந்த ஒரே முனையிலிருந்து தோன்றுவதே இதற்குக் காரணமாகும். மனித உடலிலும் இத்தகைய பொறுப்பைத் தாங்கி நிற்கும் உயிரணுக்கள் உள. அவை குருத்தணுக்கள் எனப்படும். 'ஸ்டெம் செல்' என மருத்துவர் கூறுவதும் இவற்றையே. இவற்றைக் குறித்து நெதர்லாந்து நாட்டு விஞ்ஞானி ஹான்ஸ் க்ளெவர்ஸ் நிகழ்த்திய ஆராய்ச்சியையும், அதனால் புற்றுநோயைப் பற்றி விளங்கிய உண்மைகளையும், களப்பணியாளரும் ஆசிரியரும் அவற்றிலிருந்து கொள்ள வேண்டியதையும் இங்கே காண்போம்.

குருத்தணு என்பது யாது?

குருத்தணுவுக்கு இரண்டு இயல்புகள் உண்டு. ஒன்று, தன்னைப் போன்ற அணுவைத் தோற்றுவித்துத் தன் இனம் குன்றாமல் காத்துக்கொள்ளுதல். மற்றொன்று, குறிப்பிட்ட தொழிலைச் செய்யும் பிற அணுக்களாக மாறக்கூடிய சந்ததியைத் தருதல். எலும்பு மஜ்ஜையில் இரத்தத்தின் குருத்தணுக்கள் உள என்பதைக் கனடா நாட்டு விஞ்ஞானிகளான டில், மக்கல்லாக் ஆகிய இருவரும் 1961-ஆம் ஆண்டில் சுண்டெலிகளைக் கொண்டு செய்த சோதனைகளால் புலப்படுத்தினர். மஜ்ஜை மாற்று சிகிச்சையின் அடிப்படை இக்குருத்தணுக்களேயாகும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இச்சிகிச்சை 1986-ஆம் ஆண்டு முதல் அளிக்கப்பட்டு வருகிறது.

குடலில் கண்ட உண்மை

சிறுகுடலின் உட்சுவரில் விரல் போன்ற நீட்சிகளும், அவற்றின் அடியில் நுண்ணிய குழிகளும் உள. உட்சுவரின் மேற்போர்வை முழுவதும் சில நாட்களுக்கு ஒரு முறை உதிர்ந்து புதிதாக அமைகிறது. இப்புதுப்பித்தலைச் செய்யும் அணு எது என்பதே க்ளெவர்ஸ் எழுப்பிய வினா. உட்ரெக்ட் நகரிலுள்ள ஹூப்ரெக்ட் நிலையத்தில் அவரும் நிக் பார்க்கர் முதலிய துணைவரும் சுண்டெலியின் குடலை ஆராய்ந்தனர். குழியின் அடியில் உள்ள சில அணுக்களின் மேற்பரப்பில் மட்டும் எல்.ஜி.ஆர்.5 என்னும் புரதம் காணப்பட்டது. அவ்வணுக்களும் அவற்றின் சந்ததியும் மட்டும் நிறம் பெறுமாறு செய்தபோது, குழியின் அடியிலிருந்து நீட்சியின் உச்சி வரை நிறம் ஒரு நாடாவைப் போல் படர்ந்தது. குடலின் குருத்தணு அதுவே என்பது 2007-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது.

2009-ஆம் ஆண்டில் அடுத்த உண்மை வெளிவந்தது. ஏ.பி.சி. என்னும் மரபணு, அணுப்பெருக்கத்திற்குத் தடைக்கட்டை போன்றது. இதனைக் குருத்தணுவில் நீக்கியபோது சில வாரங்களிலேயே கட்டிகள் தோன்றின. குழியை விட்டு மேலேறிய அணுக்களில் நீக்கியபோதோ, பெரிய கட்டிகள் தோன்றுவது மிக அரிதாயிற்று. உதிரப் போகும் அணுவில் நேர்ந்த பழுது அதனுடனேயே நீங்கிவிடும்; நிலைத்து நிற்கும் குருத்தணுவில் நேர்ந்த பழுதோ தலைமுறை தலைமுறையாகத் தொடரும். எல்லாப் புற்றுநோய்களும் இவ்வாறே தோன்றும் என இச்சோதனையைக் கொண்டு முடிவு கட்டுதல் கூடாது. எனினும், எந்த அணுவில் பழுது நேர்கிறது என்பது நோயின் போக்கை நிர்ணயிக்கிறது என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது.

சிற்றுறுப்பு வளர்த்தல்

அதே ஆண்டில், க்ளெவர்ஸின் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய ஜப்பானிய விஞ்ஞானி தோஷிரோ சாட்டோ ஒரு குருத்தணுவைத் தனியே பிரித்துக் கூழ்போன்ற பொருளில் பதித்தார். வளர்ச்சிக்கு வேண்டிய புரதங்கள் சேர்க்கப்பட்டன. அந்த ஓரணுவிலிருந்து, குழிகளும் பலவகை அணுக்களும் கொண்ட நுண்ணிய குடல் வடிவமொன்று உருவாயிற்று. 'ஆர்கனாய்டு' என வழங்கும் இதனைத் தமிழில் சிற்றுறுப்பு எனலாம்.

நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த சிறு துணுக்கையும் இம்முறையில் வளர்க்கலாம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 2015-ஆம் ஆண்டில் பெருங்குடல் புற்றுநோயாளிகள் 20 பேரின் கட்டிகளிலிருந்து வளர்த்த சிற்றுறுப்புகளைக் கொண்டு ஒரு சேமிப்பு வங்கி அமைக்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டில் வாய்ப்புற்று உள்ளிட்ட தலை, கழுத்துப் புற்றுகளுக்கும் இம்முறை விரிவுபடுத்தப்பட்டது. ஒரு மருந்தை நோயாளிக்குக் கொடுத்துப் பார்க்குமுன், அவருடைய கட்டியின் மாதிரியில் சோதித்துப் பார்க்க இதனால் வழி பிறந்தது. லண்டன் ஆராய்ச்சியாளர் 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், சிற்றுறுப்பில் பயனளிக்காத மருந்து எதுவும் அதற்குரிய நோயாளிக்கும் பயனளிக்கவில்லை; சிற்றுறுப்பில் பயனளித்தவற்றில் 88 சதவிகிதம் நோயாளிக்கும் பயனளித்தன. ஆயினும் அந்த ஆய்வில் பங்குபெற்றோர் தொகை சிறியது. மேலும் இத்தகைய சிற்றுறுப்பில் இரத்தக் குழாய் இல்லை, நரம்பு இல்லை, நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களும் பொதுவாக இல்லை. அதனை வளர்க்கப் பல வாரங்கள் பிடிப்பதும் உண்டு. ஆகவே இது மருத்துவனுக்கு உதவும் கருவியே அன்றி, நோயை நீக்கும் மருந்தன்று.

நம் பகுதிக்குரிய பாடம்

வாயின் உட்தோலிலும் அடி அடுக்கில் குருத்தணுக்கள் உள. புகையிலையும் பாக்கும் ஆண்டுக்கணக்கில் ஓரிடத்தில் ஒதுக்கி வைக்கப்படும்போது, அவற்றின் நச்சுப் பொருள்கள் அவ்விடத்து அணுக்களைப் பழுதாக்குகின்றன. அக்காலத் திருவிதாங்கூரைச் சேர்ந்த நெய்யூர் மருத்துவமனையில் பணிபுரிந்த டாக்டர் ஆர் என்பவர், வெற்றிலை பாக்குப் போடுவோருக்கு நேரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933-ஆம் ஆண்டிலேயே எழுதினார். புகையிலை கலவாத பாக்கும் புற்றுநோயை உண்டாக்க வல்லது என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வெளியிட்ட நூலில் உறுதி செய்தது.

திருவனந்தபுரம் மாவட்டத்துப் பஞ்சாயத்துகள் 13-இல், 35 வயதும் அதற்கு மேலும் உடைய 1,91,873 பேரைக் கொண்டு 1996 முதல் 2004 வரை ஒரு பெரும் ஆய்வு நிகழ்ந்தது. பயிற்சி பெற்ற ஊழியர்கள், மருத்துவர் அல்லாதோர், வீடுதோறும் சென்று வாயைக் கண்ணால் பரிசோதித்தனர். மக்கள் அனைவரையும் சேர்த்து நோக்கியபோது மரணக் குறைவு உறுதிப்படவில்லை. ஆனால் புகையிலை அல்லது மதுப் பழக்கம் உடையோரிடையே வாய்ப்புற்றால் நேரும் மரணம் 34 சதவிகிதம் குறைந்தது. இதன் பொருளைக் களப்பணியாளர் நன்கு சிந்திக்க வேண்டும். சிற்றுறுப்பு வளர்க்கும் ஆராய்ச்சிக்கூடம் நம் கிராமத்திற்கு வரக் காலமாகலாம். கைவிளக்கும் பயிற்சி பெற்ற கண்ணும் இன்றே கிடைக்கும்.

செய்யத்தக்கவை

1. பழக்கம் உடையோரின் வாயை நல்ல வெளிச்சத்தில் பார்க்க. கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி, ஈறு ஆகிய இடங்களை விடாமல் நோக்குக. துடைத்தாலும் போகாத வெண்படலம் அல்லது செம்படலம், இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், வாயைத் திறக்க இயலாமை ஆகியவற்றில் ஒன்று காணப்படினும் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புக. வலியில்லை என்பதால் நோயாளி தயங்குவார். தொடக்கத்தில் வலி இராது என்பதை அவருக்கு எடுத்துரைக்க.

2. 'ஸ்டெம் செல் சிகிச்சை' எந்நோயையும் தீர்க்கும் எனக் கூறும் விளம்பரங்களைக் காட்டி மக்கள் யோசனை கேட்பதுண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, சில இரத்த நோய்கள் முதலியவற்றுக்கு அளிக்கப்படும் மஜ்ஜைக் குருத்தணு மாற்று ஒன்றே ஏற்கப்பட்ட சிகிச்சையாகும். பிற யாவும் அனுமதி பெற்ற சோதனையாக மட்டுமே நடைபெறலாம். நிலத்தை விற்றுப் பணம் கட்டுமுன் அரசு மருத்துவரைக் கேட்குமாறு சொல்லுக.

3. ஆசிரியர்கள் வகுப்பில் தென்னங்குருத்தை உவமையாகக் கொண்டு பாடத்தைத் தொடங்கலாம். உவமையின் எல்லையையும் கூறுதல் நன்று: தென்னைக்கு முனை ஒன்றே, மனித உடலிலோ குருத்தணுக்கள் பல இடங்களில் உள. எல்லை ஊர்ப் பள்ளிகளில் மலையாளம் பயிலும் மாணவரும் உளராதலின், நோயின் அறிகுறிகளை இரு மொழிகளிலும் எழுதிப் பலகையில் வைக்கலாம். மாணவர் வீட்டிற்குக் கொண்டு செல்லும் செய்தி, பாக்கு ஒதுக்கும் பாட்டனாரின் செவியையும் எட்டும்.