விளையாட்டும் பிள்ளைகளின் மனநலமும்

வாசிக்கவேண்டிய வேதபகுதி: 1 இராஜாக்கள் 19:1–8



அதிராம்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு தாய் தன் மகனை நமது மருத்துவமனைக்கு அழைத்து வந்தார். பத்தாம் வகுப்பு மாணவன். அடிக்கடி வயிற்றுவலி, இரவில் தூக்கமில்லை, யாரோடும் பேச்சில்லை. பரிசோதனைகளில் ஒரு குறையும் தெரியவில்லை. நான் அவனருகே உட்கார்ந்து, "சாயங்காலம் என்னப்பா செய்வாய்?" என்று கேட்டேன். "முன்னே ஃபுட்பால் ஆடுவேன் ஐயா. இப்போ டியூஷன்" என்றான். வளைகுடா நாட்டில் வேலை செய்யும் தகப்பனார், பரீட்சை முடியும்வரை பந்தைத் தொடக்கூடாது என்று தொலைபேசியில் சொல்லிவிட்டாராம்.

அந்தத் தகப்பனாரைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. என் பிள்ளைகளுக்கும் நான் அதையே செய்தேன்.

எலியாவின் சோர்வு

எலியா சூரைச்செடியின் கீழ் சாவை விரும்பிப் படுத்திருந்தபோது, தேவன் அவனைக் கடிந்துகொண்டு தொடங்கவில்லை. தூக்கம் தந்தார், உணவு தந்தார், பிறகு ஓரேப் வரைக்கும் நீண்ட நடை. உடலைக் கவனித்த பின்பே பேச்சு நடந்தது. சரீர முயற்சியைப்பற்றிப் பவுல் எழுதியதை (1 தீமோத்தேயு 4:8) காட்டி விளையாட்டை ஒதுக்குகிறவர்கள் உண்டு. அவர் அதன் பயனை அளவாகச் சொன்னார். பயனே இல்லை என்று சொல்லவில்லை.

மருத்துவம் சொல்வது

ஓடி ஆடும் பிள்ளைக்குத் தூக்கம் நன்றாக வருகிறது. மனஇறுக்கம் தளர்கிறது. தோழர் கூட்டம் கிடைக்கிறது. தோற்றாலும் நாளைக்கு மறுபடி ஆடலாம் என்ற பாடமும் கிடைக்கிறது. 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் உடல் உழைப்போடு விளையாடவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. ஆனால் 2016ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உலகில் 11 முதல் 17 வயதுள்ளவர்களில் 81 விழுக்காட்டினருக்கு அந்த அளவு கிடைக்கவில்லை. பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். நம் ஊர்களில் வயதுக்கு வந்தவுடனே அவர்களுடைய ஓட்டம் நின்றுவிடுகிறது.

இந்தியாவில் 2015–16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கண்டது. ஐம்பது பேர் உள்ள வகுப்பில் மூன்று நான்கு பிள்ளைகள்!

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்தக் கரையைத் தாக்கி, தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. அதன்பின் காற்றுச் சத்தம் கேட்டாலே நடுங்கிய பிள்ளைகளைக் கண்டேன். அவர்களுக்கு ஆறுதல் சொல்ல நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர்களோ விழுந்த மரங்களுக்கு நடுவில் இடம் கண்டுபிடித்துப் பந்தாடத் தொடங்கினார்கள்.

நாம் செய்யக்கூடியவை

1. பரீட்சை ஆண்டிலும் தினமும் ஒரு மணி நேர விளையாட்டைப் பறிக்காதிருப்போம்.

2. மாலையில் பூட்டிக் கிடக்கும் சபை வளாகத்தைத் தெருப்பிள்ளைகள் எல்லாருக்கும் திறந்துவிடுவோம். பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்குவோம்.

3. விளையாட்டு மருந்துக்குப் பதில் அல்ல. இரண்டு வாரத்துக்குமேல் சோர்வு நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். சாகவேண்டும் என்று பிள்ளை சொன்னால் ஒரு நாளும் தாமதிக்கவேண்டாம். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

அந்த மாணவனைச் சில வாரம் ஆலோசகரிடம் வரச்சொன்ன மருத்துவர், தகப்பனாரோடும் தொலைபேசியில் பேசினார். பந்து திரும்பக் கிடைத்தது. மெல்ல மெல்லத் தூக்கமும் திரும்பியது. மறுமுறை வந்தபோது அவன் முழங்காலில் சிராய்ப்பு இருந்தது. "பார்த்தீர்களா ஐயா!" என்று தாய் சிரித்துக்கொண்டே குறைசொன்னார்.

சிந்திக்க: உங்கள் வீட்டுப் பிள்ளை கடைசியாக வியர்க்க விளையாடியது எப்போது?

ஜெபிக்க: பரீட்சைப் பயத்தில் இருக்கும் பிள்ளைகளுக்காகவும், அவர்களுடைய பெற்றோருக்காகவும்.

— மருத்துவமனைப் போதகர்