பயிற்சிக்குப் போகும் தம்பிக்கு

சத்வா, துபாய்

அன்புள்ள தம்பி,

அலுவலகப் பயிற்சியில் ஏஐ கருவிகளைப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் பயன்படுத்து. 2017லேயே செயற்கை நுண்ணறிவுக்கென்று தனி அமைச்சரை நியமித்த நாடு இது. அதை ஒதுக்கிவிட்டு இங்கே வேலை பழக முடியாது. ஆனால் அது தரும் பதில் சரியா என்று நீயே பார்த்துச் சொல்லக்கூடிய வேலையை மட்டும் அதனிடம் கொடு. ஆங்கிலக் கடிதத்தைத் திருத்தச் சொன்னால் பிழை உன் கண்ணிலேயே படும். சட்டமும் சம்பளமும் அப்படியில்லை.

வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) கணக்கையே எடுத்துக்கொள். அடிப்படைச் சம்பளம் 3,000 திர்ஹம் வாங்கும் ஒருவர் நான்கு வருடம் முடித்து ராஜினாமா செய்கிறார். 2022 பிப்ரவரி முதல் நடப்பிலுள்ள தொழிலாளர் சட்டப்படி, முதல் ஐந்து வருடங்களுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். ஆக 8,400 திர்ஹம். 1980ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில், காலவரையற்ற ஒப்பந்தத்தில் இருப்பவர் மூன்று முதல் ஐந்து வருடத்துக்குள் தானாக விலகினால் அதில் மூன்றில் இரண்டு பங்குதான், அதாவது 5,600. பழைய விதியை விளக்கும் பக்கங்கள் இணையத்தில் இன்னும் கிடக்கின்றன; கருவி அவற்றையும் சேர்த்துப் படித்ததுதான். பெருக்கலில் பிசகில்லாமல், நடையில் தடுமாற்றமில்லாமல், 2,800 திர்ஹம் குறைவான கணக்குத் தாள் ஒன்று வந்து நிற்கலாம். சத்வாவில் பெட்ஸ்பேஸில், அதாவது பகிர்ந்த அறையில் ஒரு கட்டிலில், தங்கி ஊருக்குப் பணம் அனுப்புகிறவருக்கு அந்தத் தொகை ஏறக்குறைய ஒரு மாத அடிப்படைச் சம்பளம்.

எல்லாவற்றையும் சரிபார்த்தால் நேரம் எங்கே மிச்சம் என்பாய். சட்டத்தின் அந்த ஒரு பிரிவைப் படிக்கப் பத்து நிமிடம் போதும். ஒரு முறை படித்துவிட்டால் அடுத்த கணக்கில் தவறு தானே துருத்திக்கொண்டு தெரியும். அந்தக் கண்ணைச் சம்பாதிக்கத்தானே பயிற்சி? சீனியர்கள் சரிபார்ப்பதில்லையே என்று சமாதானம் சொல்லாதே. 2023இல் சாட்ஜிபிடி புனைந்த வழக்குகளை நியூயார்க் நீதிமன்றத்தில் காட்டி 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானவர்கள் அனுபவமுள்ள வழக்கறிஞர்கள். அதே ஆண்டு டிசம்பரில் துபாய் சர்வதேச நிதி மையத்தின் (டிஐஎஃப்சி) நீதிமன்றங்களும், இக்கருவிகளைப் பயன்படுத்துவோர் அதை முன்கூட்டியே தெரிவிக்கவும் துல்லியத்தைச் சரிபார்க்கவும் வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டன.

இன்னொன்று. ஊழியர்களின் பாஸ்போர்ட் நகல், எமிரேட்ஸ் ஐடி, சம்பளப் பட்டியல் எதையும் அலுவலகம் அனுமதிக்காத கருவியில் ஏற்றாதே. அவை உன்னுடையவை அல்ல. எந்தக் கருவிக்கு அனுமதி என்று முதல் நாளே மேலாளரிடம் கேள். வேலையை ஒப்படைக்கும்போது எந்தப் பகுதியைக் கருவி எழுதியது, எதை நீ சரிபார்த்தாய் என்று இரண்டு வரி சேர்த்து எழுதிக் கொடு.

அன்புடன்,
அண்ணன்