எந்த நிற முத்திரை என்று கேளுங்கள்

ஸ்பெயின் போய்வந்தவர்கள் காற்று நீக்கிய பையில் நாலு துண்டு பன்றித்தொடை ஹாம் கொண்டுவந்து நீட்டும்போது கூடவே ஒரு வசனமும் வருகிறது: "இது இபேரிக்கோ, டாக்டர். பிறந்ததிலிருந்து ஓக் கொட்டை மட்டுமே தின்று வளர்ந்த பன்றி!" கால்நடைத் தீவனம் பற்றிப் பாடம் நடத்திப் பிழைப்பவன் நான், என்னிடமே இந்தக் கதை. உறையில் என்ன நிறம் போட்டிருந்தது என்று கேட்டால் மட்டும் விழிக்கிறார்கள்.

இபேரிக்கோ ஓர் இனத்தின் பெயர். அந்தப் பன்றி என்ன தின்றது என்று அந்தப் பெயர் சொல்லாது. அதைச் சொல்லத்தான் ஸ்பானிய அரசு 2014-இல் ஓர் ஆணை போட்டு, தொடையில் மாட்டும் முத்திரைக்கு நான்கு நிறங்களை வகுத்தது. கறுப்பு என்றால் கலப்பில்லாத இபேரிக்கோ, கடைசிக் கட்டத்தில் ஓக் கொட்டையில் கொழுத்தது. சிவப்பும் கொட்டை தின்றதுதான். ஆனால் டியூராக் இனம் கலந்தது. பச்சை, வெளியில் நடமாடினாலும் தீவனமும் மேய்ச்சலுமாக வளர்ந்தது. வெள்ளை, பண்ணையில் தானியமும் பயறும் கலந்த தீவனம் போட்டு வளர்த்தது. ஆண்டுதோறும் அறுக்கப்படும் இபேரிக்கோ பன்றிகளில் பாதிக்கு மேல் இந்த வெள்ளை வகைதான். உங்கள் பையில் இருந்தது எது என்று நான் ஊகிக்க வேண்டுமா?

சரி, கறுப்பு முத்திரையே ஆகட்டும். அப்போதும் "பிறந்ததிலிருந்து" என்பது பச்சைப் பொய். ஓக் கொட்டை ஆண்டு முழுக்கக் காய்க்காது. அக்டோபர் வாக்கில் உதிரத் தொடங்கினால் பிப்ரவரி, மார்ச்சோடு முடிந்துவிடும். அதற்கு முன் பன்றி தின்றதெல்லாம் தீவனமும் புல்லும்தான். சுமார் 100 கிலோ எடையில் ஓக் காட்டுக்குள் விட்டு, 60 நாளுக்குக் குறையாமல் மேயவிட்டு, 46 கிலோவாவது ஏறியிருக்க வேண்டும் என்பது விதி. அறுக்கும்போது வயது 14 மாதத்துக்குக் குறையக் கூடாது. ஒரு ஹெக்டேருக்கு அதிகபட்சம் 1.25 பன்றி, மரம் குறைவென்றால் அதுவும் கிடையாது. வெள்ளை முத்திரைக்காரனுக்கோ கொட்டிலில் 2 சதுர மீட்டர் இடம், 10 மாதத்தில் ஆயுள் முடிந்தது. இரண்டையும் ஒரே பெயரில் புகழ்வது யாருக்கு லாபம்? விற்பவனுக்கு.

கொட்டையில் அப்படி என்ன இருக்கிறது? புரதம் மிகக் குறைவு. மாவுச்சத்தும் ஒலெயிக் அமிலம் மிகுந்த எண்ணெயும் உண்டு. பன்றி அதை வாயில் உருட்டி உடைத்து, ஓட்டைத் துப்பிவிட்டுப் பருப்பை மட்டும் விழுங்கும். புரதக் குறையைப் புல் ஓரளவு ஈடுகட்டும். மாடு தின்னும் கொழுப்பை முன்வயிற்று நுண்ணுயிர்கள் உருமாற்றிவிடுகின்றன. பன்றிக்கு ஒற்றை வயிறு. தின்ற கொழுப்பு பெரும்பாலும் அப்படியே உடம்பில் படிகிறது. அதனால்தான் நல்ல ஹாம் துண்டை லேசாகச் சூடான தட்டில் வைத்தால் வெள்ளைக் கொழுப்பு கண்ணாடி போலத் தெளிகிறது.

ஏமாற்றுக்கு வழி திறந்ததும் இதே உயிரியல்தான். கொழுப்பைப் பரிசோதித்து ஒலெயிக் அளவை வைத்துக் கொட்டை தின்றதா என்று ஒரு காலத்தில் தீர்மானித்தார்கள். சில பண்ணையாளர்கள் ஒலெயிக் மிகுந்த சூரியகாந்தியைத் தீவனத்தில் கலந்தார்கள். கொட்டையையே பார்க்காத பன்றியின் கொழுப்பும் பரீட்சையில் தேறிவிட்டது. அதன்பின் ஆய்வுக்கூடத்தை மட்டும் நம்பாமல், காட்டுக்கே போய் மரத்தையும் பன்றியையும் எண்ணிப் பார்க்கும் முறைக்கு மாற வேண்டியிருந்தது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தர மனமில்லை. "கறுப்புக் குளம்பு இருந்தால் அசல்" என்கிறார்கள். ஹங்கேரியின் மங்காலிட்சா பன்றிக்கும் கறுப்புக் குளம்புதான். இபேரிக்கோவிலேயே வெளிறிய குளம்புள்ள வகைகள் உண்டு. "வெட்டிய துண்டில் வெள்ளைப் புள்ளி, பூச்சி முட்டை!" அது டைரோசின், புரதம் சிதையும்போது திரளும் அமினோ அமிலப் படிகம். தாராளமாகச் சாப்பிடலாம்.

"இந்தக் கொழுப்பு ஆலிவ் எண்ணெய்க்குச் சமம், கொலஸ்ட்ரால் ஏறாது" என்பதற்கு மட்டும் எனக்குக் கோபம் வரும். கொழுப்பில் பாதிக்கு மேல் ஒலெயிக் என்பது உண்மை. மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நிறைவுற்ற கொழுப்பு இருப்பதும் உண்மை. ஆலிவ் எண்ணெயில் அது பாதிகூட இருக்காது. போதாக்குறைக்கு, ஹாம் உப்பில் புதைத்துப் பதப்படுத்திய கறி. ரத்த அழுத்த மாத்திரையை ஒரு கையிலும் ஹாமை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு என்னிடம் ஆலிவ் பேச வேண்டாம்.

பேச வேண்டியது மரத்தைப் பற்றி. ஸ்பெயினின் எக்ஸ்த்ரெமதுராவிலும் ஆண்டலூசியாவிலும் பரந்து கிடக்கும் தெஹேசா என்ற ஓக் மேய்ச்சல் காடுகளில் நிற்பவை பெரும்பாலும் கிழட்டு மரங்கள். பைட்டோப்தோரா என்ற வேரழுகல் கிருமி அவற்றைச் சாய்த்துவருகிறது. ஆடு, மாடு, பன்றி மூன்றும் மேய்வதால் கன்றுகள் தலையெடுப்பதில்லை. ஹாம் எத்தனை மாதம் தொங்கியது என்று கேட்கும் ரசிகர்கள், அந்தப் பண்ணையில் இளங்கன்று இருக்கிறதா என்று கேட்பதே இல்லை. கன்றைச் சுற்றிக் கம்பிக்கூண்டு போடுவதற்கு இன்று காசு வேண்டும். அது காய்த்துக் கொட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். கறுப்பு முத்திரையின் கூடுதல் விலை நியாயம் என்று நான் சொல்வதற்கு ருசி இரண்டாவது காரணம்தான். அந்தக் காசில் ஒரு பங்கு கூண்டுக்குப் போக வேண்டும். அதையும் முத்திரை விதியிலேயே எழுதிவைக்கலாம்.