பிரசவ அறையில் கை பேசட்டும்

வைட்ஃபீல்டில் கன்னடம் கேட்கும். தமிழ் கேட்கும். தெலுங்கும் இந்தியும் கேட்கும். வேலை தேடிப் பல ஊர்களில் இருந்து வந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அரைகுறைக் கன்னடத்தில் எப்படியோ சமாளித்து விடுவார்கள். காது கேட்காத பெண் பிரசவத்துக்குப் போனால் என்ன செய்வார்?

வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அது அவருக்குத் தெரியாது. அவர் முறை போய்விடுகிறது. டாக்டர் முகத்தில் மாஸ்க். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் வழி இல்லை. டாக்டர் மாமியாரிடம் பேசுகிறார். மாமியார் அதில் பாதியைக் கையால் காட்டுகிறார். மாமியார் எதிரில் கேட்க முடியாத கேள்விகள் உண்டு. அவை மனதிலேயே நின்றுவிடும்.

எழுதிக் காட்டினால் போதாதா? காது கேளாதவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர். எழுத்து தெரியாமல் பட்ட சங்கடம் இதைப் படிக்கிறவர்களுக்கு மறந்திருக்காது. படித்தவர்தான் என்றாலும், வலி வந்த நேரத்தில் சீட்டைப் படித்துக்கொண்டா இருப்பார்?

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. கனடா நாட்டில் லிண்டா வாரன் என்று ஒரு பெண். அவருக்கும் கணவர் ஜானுக்கும் காது கேட்காது. லிண்டா வயிற்றில் இரட்டைக் குழந்தைகள். மாதம் நிறையும் முன்பே பிரசவம் ஆகிவிட்டது. சைகை மொழி தெரிந்தவர் யாரும் அருகில் இல்லை. ஒரு குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று நர்ஸ் ஜாடையில் காட்டினார். பிறந்த உடனே இரண்டு குழந்தைகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நன்றாக இருக்கிறார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் காட்டினார்கள். வேறு ஒரு தகவலும் இல்லை. பெற்ற மனம் என்ன பாடு பட்டிருக்கும்!

லிண்டாவும் ஜானும் வழக்குப் போட்டார்கள். காது கேளாத ராபின் எல்ட்ரிட்ஜ் என்பவரும் சேர்ந்துகொண்டார். கீழ்க் கோர்ட்டுகளில் தோற்றார்கள். ஆனால் விடவில்லை. 1997 அக்டோபரில் கனடா உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இலவச வைத்தியம் மட்டும் போதாது, தேவைப்பட்டால் சைகை மொழிபெயர்ப்பாளரையும் அரசு தர வேண்டும் என்றது.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. அது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதன் 25-வது பிரிவு வைத்தியம் பற்றியது. பெண்களின் பிள்ளைப்பேறு சார்ந்த நலமும் அதில் வருகிறது. பெங்களூர் வக்கீல் சாரா சன்னிக்குக் காது கேட்காது. 2023 செப்டம்பரில் அவர் வீடியோ மூலம் உச்ச நீதிமன்றத்தில் சைகை மொழியில் பேசினார். மொழிபெயர்ப்பாளர் அதை நீதிபதிக்குச் சொன்னார். கோர்ட்டில் முடிந்தது பிரசவ அறையில் முடியாதா? கைப்பேசி வீடியோ போதுமே.

ஆனால் மொழிபெயர்ப்பாளர்கள் குறைவு. வலி வந்த பிறகு தேடினால் கிடைக்க மாட்டார்கள். ஏழாம் மாதத்திலேயே ஆஷா பணியாளரிடமும் டாக்டரிடமும் கேட்டு வைக்க வேண்டும். கர்நாடகத்தில் கர்ப்பிணிகளுக்குத் தாயி கார்டு தருகிறார்கள். அதன் மேலேயே பெரிய எழுத்தில், கன்னடத்தில், காது கேட்காது என்று எழுதி வைக்கலாம். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவத்தின்போது துணைக்கு ஒரு பெண் கூட இருக்கலாம். 2016-லேயே மத்திய அரசு இதை அனுமதித்தது. சைகை தெரிந்த அக்காவோ தோழியோ வந்தால் நல்லது. வீட்டுப் பிள்ளைகளை மொழிபெயர்க்க விடக் கூடாது. அது சிறுவர் சுமக்கிற பாரம் இல்லை.

நர்ஸ் செய்யக்கூடியதும் உண்டு. குளுக்கோஸ் ஏற்றும் ஊசியை இரண்டு கையிலும் குத்திவிடக் கூடாது. சைகைக்கு அதிகம் பயன்படும் கையை விட்டுவிட வேண்டும். அந்தக் கைதான் அவருடைய வாய். அறையில் வெளிச்சம் வேண்டும். முக்கு என்பதற்கு ஒரு சைகை, நிறுத்து என்பதற்கு ஒரு சைகை. இரண்டையும் முன்பே பேசி வைக்க வேண்டும். சிசேரியன் என்றால், ஏன் என்று புரிய வைத்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும்.

குழந்தை பிறந்ததும் வீல் என்று அழும். வெளியே நிற்கிற பாட்டிக்கும் அது கேட்கும். பெற்றவருக்குக் கேட்காது. அழுதது, நன்றாக இருக்கிறது என்று அந்த நொடியே சைகையில் சொல்ல வேண்டும். குழந்தையை அவர் கண்ணுக்கு எதிரே காட்ட வேண்டும். வேறு அறைக்குக் கொண்டு போவதாக இருந்தால், எங்கே, எதற்கு, எப்போது திரும்பி வரும் என்று சொல்லிவிட்டுத்தான் தூக்க வேண்டும்.