வறண்ட ஆற்றில் மீன் வற்றாதிருக்க: தை மாத மீன்பிடிப்பு

கொசஸ்தலை ஆறு ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சில வாரங்கள் கரை தொட்டு ஓடிவிட்டு மீண்டும் மணலாகிவிடும். அந்தச் சில வாரத் தண்ணீரைத் தேக்கி வைக்கத்தான் 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டது. பூண்டியிலிருந்து சோழவரத்துக்கும், அங்கிருந்து புழலுக்கும் தண்ணீர் போகிறது. 1996 முதல் கிருஷ்ணா நீரும் கால்வாய் வழியே பூண்டிக்கு வருகிறது. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரி அடையாற்றுப் படுகையைச் சேர்ந்தது. 24 அடி வரை தண்ணீர் பிடிக்கும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் தூண்டிலும் வலையும் வைத்திருப்போருக்கு மார்கழிக் கடைசி முதல் மாசி வரை நல்ல காலம்.

மழைக்காலத்தில் மீன் பிடிப்பது சுலபம் என்பது உண்மைதான். புதுவெள்ளம் வந்ததும் கெண்டையும் கெளுத்தியும் தண்ணீரை எதிர்த்து ஏறும். கலங்கலில் ஒரு பறியை வைத்தால் போதும், கூடை நிறைந்துவிடும். ஆனால் அப்படி ஏறும் மீன்களில் பெரும்பாலானவை சினை மீன்கள். ஒரு கூடை சினை மீனைப் பிடித்தவர் அடுத்த ஆண்டின் மீனையும் சேர்த்தே பிடித்துவிட்டார். தை பிறப்பதற்குள் அவை பெரும்பாலும் முட்டையிட்டு முடித்திருக்கும், தண்ணீரும் தெளிந்திருக்கும். காத்திருப்பதில் நஷ்டமில்லை.

குளிரில் மீன் தீனி எடுக்காது என்று சிலர் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். வடமாநிலங்களில் தை மாதக் குளிரில் கெண்டைகள் தீனியை வெகுவாகக் குறைத்துக்கொள்வது உண்மையே. நம் பக்கத்துத் தண்ணீர் அந்த அளவு குளிர்வதில்லை. விடியற்காலையில் மட்டும் மீன் மந்தமாக இருக்கும். இதற்குக் குளிர் மட்டுமே காரணமல்ல. இரவு முழுவதும் பாசியும் நீர்ச்செடிகளும் தண்ணீரிலுள்ள பிராணவாயுவை எடுத்துக்கொள்வதால், பொழுது விடியும் நேரத்தில்தான் அது மிகவும் குறைந்திருக்கும். வெயில் ஏறியபின், ஆழம் குறைந்த கரையோரத் தண்ணீர் முதலில் வெதுவெதுப்பாகும். காலை ஒன்பது மணிக்கு மேல் அங்கே தூண்டில் போடுவதே பலன் தரும்.

கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் இரை தேடும். தூண்டில் மிதவையை அதற்குத் தக்கபடி ஏற்றி இறக்கிக்கொள்ள வேண்டும். ரோகுவுக்குக் கடலைப் பிண்ணாக்கும் மாவும் பிசைந்த உருண்டை, கெளுத்திக்கு மண்புழு, விராலுக்குச் சிறு தவளை அல்லது உயிருள்ள சிறு மீன் ஏற்றது. இந்த மூவகைக் கெண்டைகளும் தேங்கிய ஏரித் தண்ணீரில் இனப்பெருக்கம் செய்வதில்லை. குஞ்சு வாங்கி விட்டால்தான் உண்டு. கார்த்திகையில் விட்ட விரல் நீளக் குஞ்சு தை மாதத்தில் கால் கிலோவைக்கூட எட்டாது. ஆகையால் கோடையில் வற்றாத பெரிய ஏரிகளில் நான்கு விரல் தாராளமாக நுழையும் கண்ணுள்ள வலையே போட வேண்டும். கொசுவலையை இழுப்பது விதைநெல்லைக் குத்தித் தின்பதற்குச் சமம். பங்குனியில் வற்றிவிடும் சிற்றேரிகளின் கணக்கு வேறு. அங்கே தண்ணீர் முழங்காலளவு ஆவதற்கு முன் முழுவதையும் பிடித்துவிடுவதே சரி.

விரால் விஷயத்தில் தனிக் கவனம் தேவை. புல்பூண்டு அடர்ந்த கரையோரத்தில் முட்டையிட்டு, தாயும் தந்தையும் காவல் காக்கும் மீன் இது. செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்தில் புரளும். விரால் பார்ப்பு என்பது இதுதான். பார்ப்புக்குக் கீழே பெரிய மீன் நிற்கும் என்பது தூண்டில்காரருக்குத் தெரியும். அங்கே தவளையை இறக்கினால் கோபத்தில் பாய்ந்து கவ்வும். கிடைப்பது ஒரு மீன். காவல் போனபின் நூற்றுக்கணக்கான குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். பார்ப்பு தெரிகிற இடத்தை விட்டு நகர்ந்து போவதே நல்லது.

அடுத்தது மடுக்கள். ஆற்றில் ஓட்டம் நின்றபின் அணைக்கட்டுகளின் அடியிலும் வளைவுகளிலும் தேங்கும் தண்ணீரில்தான் மீனினம் கோடையைக் கழிக்கிறது. மோட்டார் வைத்து மடுவை இறைத்து, சேற்றைக் கிளறி விராலையும் தேளியையும் வாரி எடுப்பது பல ஊர்களில் வழக்கம். 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரியே வறண்டு தரை வெடித்துக் கிடந்தது. அப்படிப்பட்ட ஆண்டுக்குப் பிறகு நாட்டு மீன் எங்கிருந்து வரும்? எங்கோ எஞ்சிய ஒன்றிரண்டு மடுவிலிருந்துதான். ஊருக்கு ஒரு மடுவையாவது இறைக்காமல் விட்டுவைப்பதென்று கிராமத்தார் கூடிப் பேசி முடிவு செய்யலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

ஜிலேபிக் கெண்டைக்கு இந்தத் தாட்சண்யம் வேண்டாம். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாத்துப் பல்கிப் பெருகி, மற்ற மீன்களின் தீனியைப் பறித்துக்கொள்கிறது. சிறிது, பெரிது பாராமல் பிடிக்கலாம். கண்ணாடித் தொட்டியில் வளர்த்து அலுத்தவர்கள் ஏரியில் விட்டுவிடும் ‘டேங்க் கிளீனர்’ மீன் வலையில் சிக்கினால், அதைத் திரும்பத் தண்ணீரில் விடாமல் கரையில் புதைத்துவிட வேண்டும். அதன் முரட்டு முட்கள் வலையையும் கிழிக்கும்.

எந்தத் தண்ணீரில் பிடிப்பது என்பதும் முக்கியம். கூவம் ஆறு பருத்திப்பட்டு அணைக்கட்டுக்கு மேலே ஓரளவு நல்ல தண்ணீர், கீழே சாக்கடைதான். அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளில் கழிவுநீர் கலப்பதாகப் பல ஆண்டுகளாகப் புகார் உண்டு. எண்ணெய் வாடை அடிக்கும் மீனை மஞ்சள் போட்டுக் கழுவினாலும், புளியில் ஊறவைத்தாலும் வாடை குறையுமே தவிர உள்ளே சேர்ந்தது போகாது. குடிநீர் ஏரிகளில் வலை போடுவதற்கு முன், மீன்பிடி உரிமை யாருக்கு என்று விசாரித்துக்கொண்டு இறங்க வேண்டும்.

பிடித்த கெண்டையை நிழலில் ஐஸ் போட்டு வைக்கலாம். விரால் காற்றைச் சுவாசிக்கும் மீனாதலால், மூடியில் துளையிட்ட பாத்திரத்தில் சிறிது தண்ணீர் விட்டு உயிருடனேயே சந்தைக்குக் கொண்டு போகலாம். உயிர் விராலுக்குக் கிடைக்கும் விலை செத்த விராலுக்குக் கிடைப்பதில்லை.